கியூஆர் குறியீடு செயல்படும் விதம்

கியூஆர் குறியீடு என்பது கறுப்பு, வெள்ளைக் கட்டங்களைக் கொண்டு தகவலை எழுதிவைக்கும் ஒரு முறையாகும். தேநீர்க் கடை மேசை, மருந்துப் பெட்டி, தொடர்வண்டிப் பயணச்சீட்டு, ஆதார் அட்டை என இன்று இதைக் காணாத இடம் குறைவு. தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களிலும் 2018 முதல் பாடங்களின் ஓரத்தில் இது அச்சிடப்பட்டு வருகிறது. ‘கியூஆர்’ என்பது ‘விரைந்த மறுமொழி’ என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள்.

இந்தச் சதுரத்தைப் பற்றி இரண்டு செய்திகளைப் புரிந்துகொள்வது அவசியம். முதலாவது, ஓரளவு கறை படிந்தாலும் கிழிந்தாலும் இது தன்னைத் தானே சரிசெய்துகொண்டு சரியான தகவலைத் தரும். இரண்டாவது, அந்தத் தகவலை எழுதியவர் நல்லவரா, ஏமாற்றுக்காரரா என்பது இதற்குத் தெரியாது. முதல் செய்தி ஓர் அழகான கணக்கு. இரண்டாவது செய்தியை அறியாததால் பலர் பணத்தை இழந்திருக்கிறார்கள்.

பட்டைக் குறியீடும் அதன் போதாமையும்

கியூஆர் குறியீட்டுக்கு மூத்தது பார்கோடு எனப்படும் பட்டைக் குறியீடு. கடையில் விற்பனைக்கு வந்த பொருள் ஒன்றின் பட்டைக் குறியீடு முதன்முதலாகப் படிக்கப்பட்டது 1974 ஜூன் 26 அன்று, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள டிராய் என்னும் ஊரில். அந்தப் பொருள் ஒரு சூயிங்கம் பொதி.

பட்டைக் குறியீட்டில் தகவல் ஒரே திசையில்தான் இருக்கிறது. இடமிருந்து வலமாகக் கோடுகளின் தடிமனும் இடைவெளியும் மாறுவதுதான் அதன் எழுத்து. மேலிருந்து கீழாக அதே கோடுகள் நீண்டிருக்கின்றனவே தவிர, புதிதாக எதையும் சொல்வதில்லை. அதனால் ஏறத்தாழ இருபது எழுத்துகள் அல்லது எண்களுக்கு மேல் வசதியாக எழுத முடியாது. சோப்பு, பிஸ்கட் போன்ற பொருள்களில் காணும் குறியீட்டில் இருப்பவை 13 எண்கள் மட்டுமே. இந்தியாவில் பதிவுபெற்றவற்றில் அவை 890 என்று தொடங்கும்.

ஜப்பானில் தோன்றியது

வாகன உதிரிபாகங்கள் தயாரிக்கும் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் இந்தக் குறைபாடு பெரும் தொல்லையாக இருந்தது. ஒரே பெட்டியில் பல பட்டைக் குறியீடுகளை ஒட்டி, ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டியிருந்தது. தொழிலாளர்கள் நாள் முழுவதும் இதையே செய்து களைத்தனர். எண்ணெய்ப் பிசுக்குப் பட்டால் குறியீடு படிக்காமலும் போகும்.

அங்குப் பணியாற்றிய மசாஹிரோ ஹாரா என்னும் பொறியாளர் இதற்குத் தீர்வு தேடினார். கறுப்பு, வெள்ளைக் காய்களைக் கட்டங்களில் வைத்து ஆடும் ‘கோ’ என்னும் விளையாட்டு தமக்கு யோசனை தந்ததாக அவர் கூறியிருக்கிறார். நீளம், அகலம் ஆகிய இரண்டு திசைகளிலும் தகவலை எழுதினால் சிறிய இடத்தில் நிறைய எழுதலாம் என்பதே அந்த யோசனை. 1994இல் கியூஆர் குறியீடு வெளியானது. காப்புரிமை தன்னிடம் இருந்தபோதிலும், வரையறுத்த முறைப்படி குறியீட்டைப் பயன்படுத்துவோரிடம் அந்த உரிமையை நிலைநாட்டப்போவதில்லை என்று நிறுவனம் அறிவித்தது. 2000இல் இது பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. யார் வேண்டுமானாலும் கட்டணமின்றி உருவாக்கலாம் என்ற நிலையே இது உலகெங்கும் பரவ முக்கியக் காரணம். யார் வேண்டுமானாலும் உருவாக்கலாம் என்பதன் மறுபக்கத்தைக் கட்டுரையின் பிற்பகுதியில் காணலாம்.

சதுரத்தின் உறுப்புகள்

கியூஆர் குறியீட்டில் 40 அளவுகள் உள்ளன. மிகச் சிறியது 21 வரிசை, 21 நெடுவரிசை கொண்டது. ஒவ்வோர் அளவுக்கும் பக்கத்துக்கு 4 கட்டங்கள் கூடிக்கொண்டே போய், நாற்பதாவது அளவு 177 வரிசை, 177 நெடுவரிசை கொண்டதாக இருக்கும். அதில் எண்கள் மட்டும் என்றால் 7,089 எண்கள் வரை எழுதலாம்.

எல்லாக் கட்டங்களும் தகவலுக்கு உரியவை அல்ல. மிகச் சிறிய குறியீட்டில் மொத்தம் 441 கட்டங்கள். அவற்றில் 208 கட்டங்கள் மட்டுமே தகவலையும் அதற்கான பாதுகாப்பையும் தாங்குகின்றன. மீதமுள்ளவை படிக்கும் கருவிக்கு வழிகாட்டுபவை.

மூன்று மூலைகளிலும் உள்ள பெரிய சதுரங்கள் அவற்றுள் முதன்மையானவை. இந்தச் சதுரத்தின் நடுவே எந்தத் திசையில் கோடு போட்டாலும் கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்று மாறி வரும். அவற்றின் அகலம் 1:1:3:1:1 என்ற விகிதத்தில் இருக்கும். இதழ்கள், விளம்பரத் தாள்கள், அட்டைப்பெட்டிகள் போன்ற அச்சுப் பொருள்களை ஆராய்ந்து, அவற்றில் மிக அரிதாகவே வரும் விகிதம் இது என்று ஹாராவின் குழு கண்டறிந்தது. ஆகவே இந்த விகிதம் தென்பட்டால் அங்கே கியூஆர் குறியீடு இருக்கிறது என்று கருவி முடிவு செய்யலாம்.

நான்கு மூலைகளிலும் சதுரம் வைக்காமல் மூன்றில் மட்டும் வைத்ததற்கும் காரணம் உண்டு. நான்கிலும் இருந்தால் மேல் எது, கீழ் எது என்று தெரியாது. ஒரு மூலை வெறுமையாக இருப்பதால், தாளைத் தலைகீழாகப் பிடித்தாலும் சாய்த்துப் பிடித்தாலும் கருவி சரியான திசையை அறிந்துகொள்கிறது.

மூலைச் சதுரங்களை இணைத்துக் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் ஒற்றை வரிசை ஒன்று உண்டு. அது அளவுகோலில் உள்ள கோடுகளைப் போன்றது. ஒரு கட்டத்தின் அகலம் எவ்வளவு என்பதைக் கருவி அதைக்கொண்டு கணக்கிடும். இரண்டாம் அளவு முதல் உட்புறத்திலும் சிறு சதுரங்கள் இடம்பெறும். தாள் வளைந்திருந்தாலும் கேமரா சாய்ந்திருந்தாலும் கட்டங்களை நேர்செய்ய அவை உதவும். குறியீட்டைச் சுற்றி 4 கட்ட அகலத்துக்கு எதுவும் அச்சிடாத வெற்றிடம் இருக்க வேண்டும். சுவரொட்டிகளில் ஓரம் வரை படத்தை நெருக்கி அச்சிட்டால் குறியீடு படிக்காமல் போவது இந்த வெற்றிடம் இல்லாததால்தான்.

எழுத்து கட்டமாக மாறுவது

கணினிக்குத் தெரிந்த எழுத்துகள் 0, 1 ஆகிய இரண்டே. இவற்றில் ஒன்றைக் குறிக்கும் இடம் ‘பிட்’ எனப்படும். எட்டு பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட்டு. கியூஆர் குறியீட்டில் ஒரு கட்டம் ஒரு பிட்டைத் தாங்கும். கறுப்பு 1, வெள்ளை 0.

எண்களை எழுதும்போது மூன்று மூன்றாகச் சேர்த்து 10 பிட்டுகளில் எழுதுவது வழக்கம். 10 பிட்டுகளால் 1,024 வெவ்வேறு எண்களைக் குறிக்கலாம். 000 முதல் 999 வரை இருப்பவை 1,000 எண்களே என்பதால் அது போதும். எடுத்துக்காட்டாக, 890 என்பதை இருமக் கணக்கில் எழுதினால் 1101111010 என்று வரும். 512, 256, 64, 32, 16, 8, 2 ஆகியவற்றைக் கூட்டினால் 890 கிடைப்பதைக் கொண்டு இதைச் சரிபார்க்கலாம். இம்முறையில் பத்து இலக்கக் கைபேசி எண் 34 பிட்டுகளில் அடங்கிவிடும். ஓர் இலக்கத்துக்கு ஒரு பைட்டு என்று எழுதியிருந்தால் 80 பிட்டுகள் தேவைப்பட்டிருக்கும்.

தமிழ் எழுத்துகளையும் கியூஆர் குறியீட்டில் எழுதலாம். ஆனால் இடம் அதிகம் பிடிக்கும். ‘தமிழ்’ என்ற சொல்லில் நம் கணக்குக்கு எழுத்துகள் மூன்று. கணினியின் ஒருங்குறி முறையிலோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள். இன்று பரவலாக வழங்கும் முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டுகள் வேண்டும். எனவே அந்தச் சொல்லுக்கு 15 பைட்டுகள் ஆகின்றன. அதே சொல்லை ஆங்கில எழுத்துகளில் எழுதினால் 5 பைட்டுகளில் முடிந்துவிடும். நீண்ட தமிழ் வாசகத்தை அப்படியே எழுதினால் கட்டங்கள் மிகுந்து, பொடியாகி, படிக்கக் கடினமாகும். ஆகையால் பாடத்தையோ காணொளியையோ இணையத்தில் வைத்துவிட்டு, அதற்குச் செல்லும் குறுகிய முகவரியை மட்டும் குறியீட்டில் எழுதுவது நடைமுறையாயிற்று.

கட்டங்களை மாற்றிப்போடும் முறை

பிட்டுகளை அப்படியே நிரப்பினால் ஒரு சிக்கல் எழலாம். தொடர்ந்து பல சுழியங்கள் வந்தால் அந்த இடம் முழுவதும் வெள்ளையாகிவிடும். கட்டங்கள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று கருவி தடுமாறும். தற்செயலாக மூலைச் சதுரம் போன்ற வடிவம் நடுவில் தோன்றினாலும் குழப்பமே.

இதைத் தவிர்க்க, தகவல் கட்டங்களின் மேல் ஒரு மாற்றுக் கோலம் போடப்படுகிறது. எடுத்துக்காட்டாக, சதுரங்கப் பலகையைப் போல ஒன்றுவிட்டு ஒரு கட்டத்தில் கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றுவது ஒரு கோலம். இப்படி எட்டுக் கோலங்கள் வரையறுக்கப்பட்டுள்ளன. குறியீட்டை உருவாக்கும் மென்பொருள் எட்டையும் போட்டுப் பார்த்து, கறுப்பும் வெள்ளையும் நன்கு கலந்து வருவதைத் தேர்ந்தெடுக்கும். எந்தக் கோலம் போடப்பட்டது என்பது மூலைச் சதுரங்களை ஒட்டி இரண்டு இடங்களில் எழுதப்பட்டிருக்கும். படிக்கும் கருவி அதே கோலத்தை மறுபடியும் போட்டால் பழைய பிட்டுகள் கிடைத்துவிடும். கியூஆர் குறியீடுகள் எல்லாம் ஒரே சாயலில், புள்ளி தெளித்தாற்போலத் தெரிவதற்கு இதுவே காரணம்.

கறை படிந்தாலும் படிப்பது எப்படி?

எண்ணெய் படும் தொழிற்சாலைக்காகப் பிறந்தது என்பதால், சிதைவைத் தாங்கும் திறன் தொடக்கத்திலிருந்தே கியூஆர் குறியீட்டில் உண்டு. இதற்குப் பயன்படுவது இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் ஆகிய இரு கணித அறிஞர்கள் 1960இல் வெளியிட்ட ரீட்-சாலமன் முறை. குறுந்தகடுகளில் கீறல் விழுந்தாலும் பாட்டு தடைபடாமல் கேட்பதற்கும் இதன் ஒரு வடிவமே உதவுகிறது.

இதன் அடிப்படையை வரைபடத் தாளில் எளிதாக விளக்கலாம். 3, 5 என்ற இரண்டு எண்களை அனுப்ப வேண்டும் என்று கொள்வோம். வரைபடத் தாளில் முதலாம் இடத்தில் 3 என்ற உயரத்திலும், இரண்டாம் இடத்தில் 5 என்ற உயரத்திலும் புள்ளி வைத்து, இரண்டையும் இணைத்துக் கோடு போட வேண்டும். கோட்டை நீட்டினால் மூன்றாம் இடத்தில் 7, நான்காம் இடத்தில் 9 என்று வரும். இப்போது 3, 5 என்று மட்டும் அனுப்பாமல் 3, 5, 7, 9 என நான்கையும் அனுப்பலாம்.

வழியில் கறை படிந்து 5 என்பது 8 ஆகிவிட்டது என்போம். பெறுபவருக்குக் கிடைப்பது 3, 8, 7, 9. அவர் நான்கு புள்ளிகளையும் வைத்துப் பார்த்தால், ஒன்றாம், மூன்றாம், நான்காம் புள்ளிகள் ஒரே கோட்டில் இருக்கும். இரண்டாவது மட்டும் விலகி நிற்கும். வேறு எந்த மூன்று புள்ளிகளை எடுத்தாலும் நேர்கோடு அமையாது. ஆகவே தவறு இரண்டாம் இடத்தில்தான் என்பதும், அங்கே இருக்க வேண்டியது 5 என்பதும் தெரிந்துவிடும். அனுப்பியவரிடம் திரும்பக் கேட்க வேண்டிய தேவையே இல்லை. ஒரு தவற்றைத் திருத்த இரண்டு கூடுதல் எண்கள் செலவாயின என்பதைக் கவனிக்க வேண்டும்.

கியூஆர் குறியீட்டில் நேர்கோட்டுக்குப் பதிலாகப் பல வளைவுகள் கொண்ட கோடும், 0 முதல் 255 வரை உள்ள எண்களுக்குள்ளேயே சுழலும் தனிக் கணக்கும் பயன்படுகின்றன. அடிப்படை ஒன்றுதான். பாதுகாப்பில் நான்கு நிலைகள் உண்டு. அவை முறையே ஏறத்தாழ 7, 15, 25, 30 விழுக்காடு சிதைவு வரை தாங்கும். மிகச் சிறிய குறியீட்டில், உயர்ந்த பாதுகாப்பு நிலையில், மொத்தம் 26 பைட்டுகளில் 9 மட்டுமே தகவலுக்கு உரியவை. மீதி 17 பைட்டுகள் பாதுகாப்புக்கு. அவற்றைக்கொண்டு 8 பைட்டுகள் வரை தவறானாலும் திருத்திவிடலாம்.

குறியீட்டின் நடுவில் நிறுவனத்தின் சின்னத்தை வைப்பதும் இந்த வசதியால்தான். அந்தச் சின்னமும் ஒருவகைக் கறையே. அது மறைத்த கட்டங்களைக் கருவி கணக்குப் போட்டு மீட்டுக்கொள்கிறது.

மாணவர்கள் இதைத் தாங்களே செய்து பார்க்கலாம். பாடநூலில் உள்ள குறியீட்டின் நடுவே மிகச் சிறிய வெள்ளைத் தாள் துண்டு ஒன்றை வைத்துப் படித்துப் பார்க்க வேண்டும். துண்டைச் சிறிது சிறிதாகப் பெரிதாக்கினால், ஓர் அளவுக்குப் பிறகு குறியீடு படிக்காது. பின்னர் அதே சிறிய துண்டை மூலைச் சதுரத்தின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் உடனே படிக்காமல் போகும். மூலைச் சதுரங்கள் ரீட்-சாலமன் கணக்கின் பாதுகாப்புக்குள் வருவதில்லை.

கைபேசி படிக்கும் வரிசை

கைபேசிக் கேமராவைக் காட்டியதும் நடப்பவை இவை. முதலில் படம் கறுப்பு, வெள்ளை என இரண்டாகப் பிரிக்கப்படுகிறது. பின்பு 1:1:3:1:1 விகிதத்தைத் தேடி மூன்று மூலைகளும் கண்டுபிடிக்கப்படுகின்றன. சாய்வும் வளைவும் நேராக்கப்படுகின்றன. எந்தப் பாதுகாப்பு நிலை, எந்தக் கோலம் என்பன படிக்கப்பட்டு, கோலம் நீக்கப்படுகிறது. வலப்பக்கக் கீழ் மூலையில் தொடங்கி, இரண்டிரண்டு நெடுவரிசைகளாக மேலும் கீழும் ஏறி இறங்கிப் பிட்டுகள் வாசிக்கப்படுகின்றன. பிழைகள் திருத்தப்படுகின்றன. இறுதியில் ஒரு வரி எழுத்து கிடைக்கிறது.

இவை அனைத்தும் கைபேசிக்குள்ளேயே, கண்ணிமைக்கும் நேரத்தில் முடிகின்றன. இதுவரை இணையம் தேவைப்படவில்லை. கிடைத்த வரியைக்கொண்டு என்ன செய்வது என்பதில்தான் இணையமும் வங்கியும் வருகின்றன.

பணம் குறியீட்டுக்குள் இருக்கிறதா?

கடையில் குறியீட்டைக் காட்டிப் பணம் செலுத்துவதால், குறியீட்டுக்குள்ளேயே பணமோ வங்கிக் கணக்கோ இருப்பதாகச் சிலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. இந்தியாவில் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் 2016இல் தொடங்கிய யுபிஐ முறையில், கடைக் குறியீட்டில் இருப்பது ஒரு வரிதான். ‘@’ குறியுடன் கூடிய பெறுநரின் யுபிஐ முகவரி, அவருடைய பெயர், சில நேரங்களில் தொகை ஆகியவை அந்த வரியில் இருக்கும். அஞ்சல் உறைமேல் எழுதும் முகவரிக்கு இதை ஒப்பிடலாம்.

அந்த முகவரியைப் படித்த செயலி, தொகையைக் கேட்டு, பின் எனப்படும் ரகசிய எண்ணையும் கேட்கும். எண்ணைச் சரிபார்ப்பது செலுத்துபவரின் வங்கி. அதன் பிறகே பணம் ஒரு கணக்கில் கழிக்கப்பட்டு மற்றொரு கணக்கில் சேர்க்கப்படுகிறது. குறியீடு இதில் எதையும் செய்யவில்லை. முகவரியைக் கையால் தட்டும் வேலையை மிச்சப்படுத்தியது, அவ்வளவே.

இலங்கையில் 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது நடைமுறைக்கு வந்த பங்கீட்டு முறையும் இவ்வாறே அமைந்தது. வாகனத்துக்கு உரிய கியூஆர் குறியீட்டை நிரப்பு நிலையத்தில் காட்டி வாராந்தப் பங்கைப் பெற வேண்டும். எத்தனை லீற்றர் மீதம் இருக்கிறது என்ற கணக்கு காகிதத்தில் அச்சிட்ட குறியீட்டில் இருந்திருக்க முடியாது. அச்சிட்ட கட்டங்கள் மாறுவதில்லையே. வாகனத்தின் அடையாளம் குறியீட்டில் இருந்தது; மாறிக்கொண்டே இருக்கும் கணக்கு மையக் கணினியில் இருந்தது.

பழுது வேறு, மோசடி வேறு

மேலே கண்ட 3, 5, 7, 9 எடுத்துக்காட்டை மீண்டும் நினைத்துப் பார்க்கலாம். ஓர் எண் சிதைந்தால் கோட்டிலிருந்து விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் ஒருவர் நான்கு எண்களையும் நீக்கிவிட்டு 4, 6, 8, 10 என்று எழுதிவைத்தால் என்ன ஆகும்? அந்த நான்கும் ஒரே நேர்கோட்டில் அமைந்திருக்கும். கணக்கின்படி எந்தத் தவறும் இல்லை. கருவி மறுப்பின்றி ஏற்றுக்கொள்ளும்.

கடைக் குறியீட்டின் மேல் வேறொருவர் தம் குறியீட்டை ஒட்டிவிட்டுப் போவது இதைப் போன்றது. ஒட்டப்பட்டதும் முறையான குறியீடே. மூலைச் சதுரங்கள் சரியாக இருக்கும். பிழைதிருத்தக் கணக்கும் சரியாக இருக்கும். வாடிக்கையாளர் செலுத்திய பணம் மட்டும் வேறு கணக்குக்குப் போகும். கடைக்காரர் மாலையில் கணக்குப் பார்க்கும்போதுதான் தெரியவரும். நாள் முழுவதும் நின்று சம்பாதித்த சிறு வணிகருக்கு அது பெரிய இழப்பு.

ஏமாற்றும் மற்றொரு வழி இதைவிட எளிமையானது. பழைய பொருளை விற்க விளம்பரம் செய்தவரை ஒருவர் அழைத்து, வாங்கிக்கொள்வதாகக் கூறி, ‘பணம் அனுப்புகிறேன், இந்தக் குறியீட்டை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடுங்கள்’ என்று ஒரு படத்தை அனுப்புவார். போட்டவுடன் பணம் வருவதற்குப் பதிலாகப் போய்விடும். முகவரி எழுதிய உறையைக் கையில் வாங்கினால் அந்த முகவரிக்குத்தான் கடிதம் போகும், நமக்கு வராது. பின் எண் என்பது நம் கணக்கிலிருந்து பணத்தை எடுக்க நாம் வங்கிக்குத் தரும் ஒப்புதல். பணம் பெறுவதற்கு ஸ்கேன் செய்யவும் தேவையில்லை, பின் எண்ணும் தேவையில்லை.

கையொப்பமிட்ட குறியீடுகள்

எழுதியவர் யார் என்பதை உறுதிசெய்ய வழியே இல்லையா என்றால், உண்டு. அதற்கு மின்கையொப்பம் என்று பெயர். வழங்கும் நிறுவனம் தன்னிடம் மட்டுமே உள்ள ஒரு ரகசியச் சாவியைக்கொண்டு, தகவலிலிருந்து ஒரு நீண்ட எண்ணைக் கணக்கிட்டு, அதையும் குறியீட்டில் சேர்த்து எழுதும். அந்தச் சாவிக்கு இணையான வேறொரு சாவி எல்லோருக்கும் வெளிப்படையாகத் தரப்படும். படிக்கும் செயலி அதைக்கொண்டு கையொப்பத்தைச் சரிபார்க்கும். தகவலில் ஓர் எழுத்து மாறினாலும் கையொப்பம் பொருந்தாது. ரகசியச் சாவி இல்லாதவரால் புதிய கையொப்பத்தை உருவாக்கவும் முடியாது.

ஆதார் அட்டையின் குறியீடும், இந்தியாவில் வழங்கப்பட்ட கொரோனா தடுப்பூசிச் சான்றிதழின் குறியீடும் இவ்வகையைச் சேர்ந்தவை. ஆனால் கையொப்பமிட்ட குறியீட்டையும் நகலெடுக்கலாம். நகலிலும் கையொப்பம் பொருந்தும். அதனால்தான் சரிபார்ப்பவர், குறியீட்டிலிருந்து கிடைக்கும் பெயரையும் படத்தையும் எதிரே நிற்பவருடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கவனிக்க வேண்டியவை

பணம் செலுத்துபவர், பின் எண்ணைப் போடுமுன் திரையில் தோன்றும் பெயரைப் படிக்க வேண்டும். குறியீட்டில் எழுதியுள்ள பெயரைக் காட்டாமல், வங்கிப் பதிவில் உள்ள பெயரையே செயலிகள் காட்ட வேண்டும் என்று தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் 2025இல் அறிவுறுத்தியது. குறியீட்டில் யார் எந்தப் பெயரையும் எழுதலாம் என்பதே இதற்குக் காரணம். கடையின் பெயரும் திரையில் வரும் பெயரும் வேறாக இருந்தால், ‘இந்தப் பெயர் உங்களுடையதா?’ என்று கடைக்காரரிடம் கேட்டுவிடுவது நல்லது. பல கடைகளின் கணக்கு உரிமையாளர் பெயரில் இருக்கும் என்பதால், பெயர் வேறாக இருப்பது மட்டுமே மோசடிக்கு அடையாளம் ஆகாது.

கடை வைத்திருப்பவர், காலையில் கடை திறந்ததும் தம் குறியீட்டை வேறொரு கைபேசியால் ஒருமுறை படித்துப் பார்ப்பது சிறந்த பழக்கம். குறியீட்டு அட்டையை விரலால் தடவிப் பார்த்தால் மேலே ஒட்டியது தெரிந்துவிடும். பணம் செலுத்தியதாக வாடிக்கையாளர் காட்டும் திரையைச் சான்றாகக் கொள்ளாமல், தம் கைபேசிக்கு வரும் செய்தியையோ ஒலிப்பெட்டியின் அறிவிப்பையோ நம்ப வேண்டும்.

சுவரிலும் மின்கம்பத்திலும் ஒட்டியுள்ள குறியீடுகளைப் படித்தால், கைபேசி முதலில் இணைய முகவரியைக் காட்டும். முகவரியைப் படிப்பதால் மட்டும் தீங்கு நேராது. அதைத் திறந்து, அங்கே கேட்கப்படும் கடவுச்சொல்லையோ அட்டை எண்ணையோ கொடுப்பதும், சொல்லும் செயலியை நிறுவுவதும்தான் ஆபத்தானவை.

பணம் பறிபோனால் தயங்காமல் உடனே வங்கிக்கும், இந்தியாவில் இருப்போர் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாற்றப்படுவதற்கு முன் முடக்க முடிந்தால் மீட்கும் வாய்ப்பு அதிகம்.

சுருக்கமாகச் சொன்னால், கியூஆர் குறியீடு என்பது கண்ணால் படிக்க இயலாத கையெழுத்து. மழையில் நனைந்த கடிதத்தில் அழிந்த எழுத்துகளை மீட்டுத் தரும் திறன் அதற்கு உண்டு. கடிதத்தில் எழுதியிருப்பது உண்மையா என்று பார்க்கும் பொறுப்பு படிப்பவரிடமே இருக்கிறது.